டிஜிட்டல் டைரியில் ரத்த வகை

தங்கைக்குப் பிரசவம் சிக்கலாகி, உடனே ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். என் ரத்தம் பொருந்தவில்லை. திருவண்ணாமலையில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்க முடியாமல் நடந்துகொண்டிருந்தேன். ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தருபவர் என்று நர்ஸ் சொல்லியிருந்த, வெள்ளைத் தொப்பி அணிந்த ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்து பழைய டிஜிட்டல் டைரி ஒன்றை எடுத்தார். செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அதன் சின்னப் பொத்தான்களைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே இருந்தார்.

"எல்லாத்தையும் போன்லயே வச்சுக்கலாமேங்க?" என்றேன் பொறுமையிழந்து.

"பேசிக்கினே அதுலயே தேட வரலைங்க. இருங்க."

மூன்று பேர் எடுக்கவில்லை. நான்காவது பெயரில் அவர் விரல் நின்றது.

"இவரு போன வருஷம் தவறிட்டாரு. ஆனா புள்ளைக்கும் அதே குரூப்புதான்."

அந்த மகன் வேங்கிக்காலிலிருந்து அரை மணியில் வந்து ரத்தம் கொடுத்தார். தங்கையும் குழந்தையும் பிழைத்தார்கள்.

தொப்பிக்காரரிடம் நன்றி சொல்லப் போனேன். "உங்க குரூப்பு என்னங்க? பேரு? நம்பரு?" என்று கேட்டுப் பதிந்துகொண்டு, வண்டியைக் கிளப்பிவிட்டார். அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், அவராக இருக்குமோ என்று இப்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.