அக்காவின் ஆபரேஷனில் எனக்குக் கிடைத்த வேலை

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம். பெரம்பலூர் பக்கம் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில், வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சையைப் பழகும் வகுப்புக்கு நான் மாணவனாகப் போனேன். மற்றவர்கள் எல்லாம் எம்.எஸ். முதல் வருடப் பிள்ளைகள். எனக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது. அரியலூரில் சர்ஜன் என்று நான் மாட்டிய போர்டுக்கு மறு பெயிண்ட் அடித்தே பல காலம் ஆகியிருந்தது. பாடம் எடுக்க வந்தவர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் நேராகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்ததும், உட்காருவதா நிற்பதா என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

நான் படித்த காலத்தில் இந்த முறை பெரிய ஊர்களில் மட்டும்தான் இருந்தது. வயிற்றைத் திறந்து, கையை உள்ளே விட்டுச் செய்வதுதான் எங்கள் பழக்கம். அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு, கொஞ்சம் திமிரும் உண்டு. ஆனால் இப்போது நோயாளிகளே நாற்காலியில் உட்காரும் முன்னால், "கிழிச்சுப் பண்ணுவீங்களா, ஓட்ட போட்டுப் பண்ணுவீங்களா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது. அதனால்தான் சேர்ந்தேன்.

முதலில் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மேலே ரப்பர் மூடி, அதில் இரண்டு துளை, உள்ளே ஒரு கேமரா, எதிரே டிவி. துளைகள் வழியாக நீளமான இரண்டு இடுக்கிகளை விட்டு, உள்ளே கிடக்கும் சிறு வளையங்களை எடுத்துக் குச்சிகளில் மாட்ட வேண்டும். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். கை இடப்பக்கம் போனால் முனை வலப்பக்கம் போகிறது. மேலே தூக்கினால் கீழே இறங்குகிறது. எத்தனையோ வயிறுகளைத் திறந்து மூடிய கை ஒரு வளையத்தை எடுக்க முடியாமல் திண்டாடியது. பக்கத்து மேஜைப் பையன் மாட்டி முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

சொல்லிக்கொடுத்தவர் என் மகள் வயதுள்ள ஒரு பெண் டாக்டர். அதிகம் பேசமாட்டார். என்னிடம் அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுதான். "சார், கையப் பாக்காதீங்க. டிவியப் பாருங்க." திறந்து செய்து பழகியவனுக்குக் கண் தன்னால் கைக்குப் போகும். நான் குனிந்து அந்த மூடிய பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அதில் பார்க்க ஒன்றுமே இல்லாவிட்டாலும்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. நாம் மும்முரமாக வேலை செய்யும்போது சத்தமில்லாமல் வந்து கேமராவை அணைத்துவிடுவார். டிவி இருட்டாகும். அந்த நொடி கை அசையாமல் நிற்க வேண்டும். கொஞ்சம் அசைந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "படம் போனா கை நிக்கணும்" என்பார். அதற்குப் பிறகு கொடுத்த கம்ப்யூட்டர் சிமுலேட்டர், தவறாக வெட்டினால் திரையிலேயே ரத்தம் காட்டும். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இந்தக் கேமரா அணைக்கும் வேலைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. நிஜ ஆபரேஷனில் யார் வந்து அணைக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டிலும் பழகினேன். மளிகைச் சாமான் வைக்கும் டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே சாத்துக்குடியை வைத்து, செல்போன் கேமராவைப் பார்த்துக்கொண்டே தோல் உரிப்பேன். "ஊருல எல்லாருக்கும் வயித்தக் கிழிச்ச மனுசன், கடைசில ஜூஸ் கடைக்கு வேலைக்குப் போகப் போறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். கீழப்பழுவூரில் வாழ்க்கைப்பட்டவள். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பை முழுக்கக் கல். எடுத்தே ஆக வேண்டும். அவளுக்கோ காட்டில் பருத்தி எடுக்கிற நேரம். மருமகளின் உறவுக்காரப் பெண் ஒருத்தி ஓட்டை போட்டுச் செய்துகொண்டு சீக்கிரமே வேலைக்குப் போனதைக் கேள்விப்பட்டிருந்தாள்.

"எனக்கும் அப்பிடியே பண்ணிரு. ஆனா தம்பி, உன் கையத் தவிர வேற யாரு கையும் என் வயித்துல படக்கூடாது" என்றாள்.

எனக்கு அந்த முறை இன்னும் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நான் சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளரான அந்தப் பெண் டாக்டரிடம் போனேன். பெட்டியில் எல்லாப் பயிற்சியும் முடித்திருந்தேன். சிமுலேட்டரிலும் தேறியிருந்தேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் என் அக்காவுக்கு நானே செய்துவிடுகிறேன் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

"வேணாம் சார். பெட்டில நல்லாத்தான் பண்றீங்க. ஆனா பெட்டி உங்களுக்கு அக்கா இல்ல. ஆபரேஷன நான் பண்றேன். வேணும்னா நீங்க கேமரா பிடிங்க."

கேமரா பிடிப்பது புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தரும் முதல் வேலை. எனக்குச் சுருக்கென்றது. அரியலூர் திரும்பும் வழியெல்லாம் முன்னால் போன சிமெண்ட் லாரிகள் மேல் எரிந்து விழுந்துகொண்டே வந்தேன். ஆனால் அவர் சொன்னதில் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. மறுநாள் கீழப்பழுவூர் போய் அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அவள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு நல்லாத் தெரியுமா?" என்றாள்.

"நல்லாத் தெரியும்க்கா."

"நீ உள்ள இருப்பியா?"

"கேமரா புடிக்கிறேன்."

"அப்ப சரி. எல்லாத்தயும் நீ பாத்துக்கிட்டே இருப்பல்ல. அது போதும்."

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன். அக்கா மயக்கத்தில் இருந்தாள். வயிற்றில் காற்றைச் செலுத்தி, தொப்புளுக்குப் பக்கத்தில் போட்ட துளை வழியாகக் கேமரா உள்ளே போனது. டிவியில் தெரிந்தது என் அக்காவின் ஈரல்.

இதில் ஆபத்தான இடம் ஒன்று உண்டு. பித்தப்பையிலிருந்து வரும் சிறிய குழாயை மட்டும் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். அதை ஒட்டியே ஈரலிலிருந்து வரும் பெரிய பித்தக்குழாய் ஓடும். தவறிப்போய் அதை வெட்டிவிட்டால் நோயாளிக்கு வாழ்நாள் முழுக்க அவதி. பயிற்சியாளர் பொறுமையாகச் சதையை விலக்கி, சிறிய குழாயைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். கிளிப் போட்டார். கத்தரிக்கோல் உள்ளே வந்து வாயைத் திறந்தது.

எனக்கு அந்தப் பெரிய குழாய் மேலேயே பயம். அது நன்றாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. நினைத்ததுதான் தெரியும், என் கை தானாகக் கேமராவை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. டிவியில் பெரிய குழாய் தெரிந்தது. கத்தரிக்கோல் படத்திலேயே இல்லை. என் அக்காவின் வயிற்றுக்குள், யார் கண்ணுக்கும் தெரியாமல், ஒரு கத்தரி வாயைத் திறந்துகொண்டு நின்றது.

திரும்பிப் பயிற்சியாளரின் கைகளைப் பார்த்தேன். இரண்டும் அப்படியே நின்றன. ஒரு விரல்கூட அசையவில்லை.

"சார், நான் பாக்குற எடத்தக் காட்டுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் பேசும் அதே குரல்தான்.

கேமராவை மெதுவாகத் திருப்பினேன். கத்தரி விட்ட இடத்திலேயே இருந்தது. வெட்டினார். அதன் பிறகு நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அவருடைய கருவியின் முனை எங்கே போனதோ, அதன் பின்னாலேயே போனேன். பித்தப்பை வெளியே வந்தது, தையலும் போட்டு முடிந்தது. கை கழுவும் இடத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "படம் போச்சு, கை நின்னுச்சு சார். அதுக்குத்தானே அத்தன நாள் அணைச்சேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அக்கா தெளிந்து கண்ணைத் திறந்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், சின்னச் சின்னப் பிளாஸ்திரிகள்தான் இருந்தன. பக்கத்தில் கூப்பிட்டு, "எல்லாத்தயும் பாத்தியா தம்பி?" என்றாள்.

"இல்லக்கா. அந்தப் பொண்ணு பாத்தத மட்டுந்தான் பாத்தேன்" என்றேன்.

அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அரியலூரில் நானும் துளை போட்டுத்தான் செய்கிறேன். எனக்குக் கேமரா பிடிக்கப் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். படம் திடீரென்று வேறு பக்கம் போனால் நான் அவர்களைத் திட்டுவதில்லை. கையை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறேன், அன்று என் அக்காவுக்காக அந்தக் கைகள் நின்றது போலவே.