ராஜினாமா செய்ய முடியாத நாற்காலி

எங்கள் ஃப்ரீமேசன் லாட்ஜில், அதாவது சபையில், யாரும் பதவி கேட்கக் கூடாது. கேட்டால் அதுவே தகுதிக்குறைவு. முந்திக்கொண்டு வேண்டாம் என்று சொல்வதும் மரியாதையில்லை. வருடத்துக்கு ஒரு தடவை துண்டுச் சீட்டில் பேர் எழுதிப் பெட்டியில் போடுவோம். பிரித்துப் படிப்பார்கள். பேர் வந்தவர் எழுந்து நன்றி சொல்லுவார். போன நவம்பரில் அப்படி எழுந்து நன்றி சொன்னவன் நான். ஜனவரியில், பொங்கல் முடிந்து வரும் சனிக்கிழமை, ஒரு வருடத்துக்கு மாஸ்டராக, அதாவது சபைத் தலைவராக, உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு.

ஃப்ரீமேசன் என்றால் தஞ்சாவூரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் பிசாசைக் கும்பிடுகிற கூட்டம் என்பார்கள். உண்மையில் நடப்பது இதுதான்: மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பதினைந்து பேர் கோட்டுப் போட்டு, இடுப்பில் ஏப்ரன் கட்டி, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையைச் சுற்றி உட்கார்ந்து, பழைய இங்கிலீஷில் ஒரு சடங்கை நடத்திவிட்டு, கீழே இறங்கி மட்டன் பிரியாணி சாப்பிடுவோம். நடு மேஜையில் கீதை, பைபிள், குர்ஆன் மூன்றும் திறந்திருக்கும். மதமும் அரசியலும் உள்ளே பேசக் கூடாது. இந்த இரண்டையும் தொடாமல் டெல்டாக்காரர்கள் பதினைந்து பேர் மூன்று மணி நேரம் ஒரு அறையில் இருக்க முடியும் என்பது எனக்கு அதிசயமாகப் பட்டது. சேர்ந்தது அதற்காகத்தான்.

சேர்ந்த பிறகு என் புத்தி சும்மா இருக்கவில்லை. சடங்கை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். புத்தகம் உண்டு, ஆனால் முக்கியமான இடங்களில் வார்த்தைக்கு முதல் எழுத்து மட்டும்தான் அச்சாகியிருக்கும். மற்றவர்கள் தங்கள் பங்கை மட்டும் படிப்பார்கள். நான் எல்லோர் பங்கையும் படித்தேன். நான் பாடம் நடத்தும் இன்ஜினியரிங் கல்லூரி ஊருக்கு வெளியே இருக்கிறது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டுவேன். வீட்டில் மனைவி கேட்பாள், “என்னதான் முணுமுணுக்குறீங்க?” சொல்லக் கூடாது என்பேன். “பொண்டாட்டிக்கும் சொல்லாத ஒரு பாடத்தை இவ்வளவு உருப்போட்டு என்ன பண்ணப்போறீங்க?” என்பாள். கேட்க வேண்டிய கேள்விதான்.

மார்ச் மாதக் கூட்டத்தில் அப்போதைய மாஸ்டர், ஒரு வக்கீல், நடுவில் நின்றுவிட்டார். அடுத்த வரி வரவில்லை. அப்படி நின்றால் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் முந்தைய மாஸ்டர் மட்டும்தான் எடுத்துக் கொடுக்கலாம். மற்றவர்கள் எத்தனை நேரமானாலும் காத்திருக்க வேண்டும். முந்தைய மாஸ்டர் கண்ணை மூடியிருந்தார். யோசிக்கிறாரா தூங்குகிறாரா தெரியவில்லை. நான் ஜூனியர் வார்டன், மாஸ்டருக்கு உதவும் இருவரில் இரண்டாமவன். பக்கச் சுவரோரம் என் இடத்திலிருந்து அந்த வரியைச் சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கடுத்த நான்கு வரியும் தானாக வந்துவிட்டன. கீழே சாப்பிடும்போது செக்ரட்டரி, ஓய்வுபெற்ற லுத்தரன் பள்ளித் தலைமை ஆசிரியர், என் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “இவருக்குப் பரீட்சையில பக்கத்து பெஞ்சுக்காரன் பேப்பரும் சேத்து எழுதற வியாதி.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பேர் அன்றைக்கே சீட்டில் ஏறிவிட்டது என்று எனக்குத் தெரியாது.

முறைப்படி அடுத்த மாஸ்டர் சீனியர் வார்டன்தான். அய்யம்பேட்டைப் பக்கம் ரைஸ் மில் வைத்திருப்பவர், ஐம்பத்தைந்து வயது, நான் அண்ணே என்று கூப்பிடுவேன். ஆனால் பெட்டியில் விழுந்த சீட்டெல்லாம் என் பேர். நெல் விஷயமாக ஒவ்வொருவரிடமும் பேசும்போது, “எனக்கு இந்த நீளமான இங்கிலீஷ் நிக்காது, தம்பி நல்லா சொல்றாரு” என்று அவர் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சபையில் சொல்லவும் இல்லை. சட்டம் எதையும் மீறவில்லை.

நான் நன்றி சொன்ன மூன்றாம் நாள் மஸ்கட்டிலிருந்து மெயில் வந்தது. மழைநீர் வடிகால் வடிவமைக்கும் கம்பெனி. ஜூன் மாதம் இன்டர்வியூ கொடுத்து, பதிலே வராமல், மறந்துபோன வேலை. ஜனவரி கடைசியில் சேர வேண்டும், குடும்பத்தோடு வரலாம், இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவர். மனைவி அதை என் போனில் இரண்டு தடவை படித்தாள். மறுநாளே ஆஸ்பத்திரி லேப் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். என் அப்பா வீட்டு மாடியில் ஒரே அறையில் ஆறு வருடம் இருந்தவள். நாற்காலி விஷயத்தை அவளிடம் மறைத்துவிட்டேன்.

செக்ரட்டரியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். “சார், ஒருவேளை மாஸ்டர் வெளியூர் போக வேண்டி வந்தா?”

“போகட்டுமே. லீவு லெட்டர் குடுத்துட்டுப் போகலாம்.”

“ஒரேயடியா போனா?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாஸ்டர் ராஜினாமா பண்ண முடியாது தம்பி. வாக்கு குடுத்துட்டு உக்காருறாரு. அடுத்தவர் வந்து உக்காரும் வரைக்கும் நாற்காலி அவரோடது. செத்துப்போனா மட்டும் விலக்கு.”

“உக்காருறதுக்கு முன்னாடி?”

“முன்னாடி வேண்டாம்னு சொல்லலாம். நான் செக்ரட்டரியா இருந்த காலத்துல யாரும் சொன்னதில்ல. ஏன் கேக்குறீங்க?”

“சும்மாதான் சார். சட்டம் தெரிஞ்சு வச்சுக்கலாம்னு.”

“இதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது” என்றார்.

நான் விலகினால் யார்? வக்கீல் இரண்டு வருடம் தொடர்ந்து உட்கார்ந்தாயிற்று, மூன்றாவது கூடாது. பழைய மாஸ்டர்களில் ஒருவருக்கு மூட்டு ஆபரேஷன், ஒருவர் மகளோடு கனடாவில், அன்றைக்குக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவருக்கு எண்பது தாண்டிவிட்டது. வார்டனாக ஒரு வருடம் இருந்தவர்தான் மாஸ்டராகலாம். அப்படி இருந்தவர்கள் நானும் மில்லுக்கார அண்ணனும். அவரும் இல்லையென்றால் லாட்ஜ் நடத்தும் உரிமைப் பத்திரத்தைச் சென்னைத் தலைமையகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டு ஹாலைப் பூட்ட வேண்டியதுதான். ஆக நான் வெளியே வர ஒரே வழி, அண்ணனுக்கு அந்த நீளமான இங்கிலீஷ் நிற்க வேண்டும்.

டிசம்பர் மழை. மில் களத்தில் நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அவித்த நெல் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. விஷயத்தை அவரிடம் மட்டும் உடைத்துச் சொன்னேன். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை ஒரு கழியால் தள்ளிவிட்டார். பிறகு, “மழை இருக்கற வரைக்கும் களத்துல வேலை இல்ல. தினம் வாங்க. சொல்லிக் குடுங்க, பாப்போம்” என்றார்.

எழுதிக் கொடுக்கக் கூடாது, அது சத்தியம். வாயால் மட்டும்தான். பாய்லர் பக்கத்து ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒரு வரி சொல்ல, அவர் ஒரு வரி சொல்லுவார். சூப்பர்வைசர் கதவைத் தட்டினால் அண்ணன் அதே குரலில், “நெல்லு பதினெட்டு சதவீதம் ஈரம்னா நான் எடுக்க மாட்டேன் தம்பி” என்பார். நான் கவலையாகத் தலையாட்டுவேன். சூப்பர்வைசர் என்னை நெல் புரோக்கர் என்றே முடிவு செய்துவிட்டார். ஒருநாள் வாசலில் மடக்கி, “நம்ம நெல்லு எந்தப் பக்கங்க சார்?” என்றார். “குத்தாலம்” என்றேன், வாய்க்கு வந்ததை. “அங்கெல்லாம் தண்ணி நிக்குதாமே” என்று பரிதாபப்பட்டார்.

சடங்கின் தொடக்கம் முழுக்கக் கேள்வி பதில். மாஸ்டர் கேட்பார், வார்டன்கள் பதில் சொல்லுவார்கள். அண்ணனுக்கு மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லித் தன் பதில்கள் தூக்கத்திலும் வரும். கேள்விதான் வராது. “கேள்வியை விட்டுடுங்கண்ணே” என்றேன். “உங்க பதிலை மனசுக்குள்ள சொல்லுங்க. அதுக்கு என்ன கேட்டிருப்பாங்கன்னு பாருங்க.” பிடித்துக்கொண்டார். பத்து நாளில் திறப்பும் முடிப்பும் தண்ணி மாதிரி வந்தன. அதற்கப்புறம் புது உறுப்பினருக்கு வாக்குறுதி சொல்லிக் கொடுக்கும் நீண்ட பகுதி. அதில் பதில் எதுவும் இல்லை. பாதியில், தினமும் ஒரே இடத்தில், நின்றுவிடுவார். “போச்சு” என்று நெற்றியைத் தட்டிக்கொள்வார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் அப்படி நின்ற ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயம் வந்தது. அதோடு ஒரு சின்ன நிம்மதியும் வந்தது. என்னைத் தவிர யாராலும் முடியாது என்று கேட்பது அவ்வளவு சுகமாக இருந்தது. என்னைப் பூட்டி வைத்திருந்த பூட்டை நானே தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் கல்லூரி மழைக்காக மதியமே விட்டுவிட்டது. நேரே மில்லுக்குப் போனேன். ஆபீஸ் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அண்ணன் குரல். அந்த நீண்ட பகுதி, முதலிலிருந்து கடைசி வரை, தினமும் நிற்கும் இடத்தை நிற்காமல் தாண்டி, ஒரு வார்த்தை பிசகாமல். நனைந்தபடியே கேட்டு முடித்துவிட்டுக் கதவைத் தள்ளினேன்.

அவர் திடுக்கிடவில்லை. “உக்காருங்க. துண்டு தரட்டா?”

“எவ்வளவு நாளாண்ணே தெரியும்?”

“போன வாரத்துலேர்ந்து வருது.”

“அப்ப தினமும் நின்னது?”

“வந்துடுச்சுன்னு சொன்னா நீங்க பெட்டி கட்டிடுவீங்க.”

“என்னைக் கட்டிப்போடப் பாத்திருக்கீங்க.”

“நானா? எதைக் கேட்டாலும் மொத ஆளா கையைத் தூக்குறது யாரு?” என்று துண்டை நீட்டினார். பிறகு குரலை இறக்கினார். “நீங்க அங்க உக்காந்தா உங்க வயசுப் பசங்க நாலு பேர் வருவாங்க தம்பி. நான் உக்காந்தா என் வயசுக்காரங்க வருவாங்க. அவங்களும் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கிட்டுத் தூங்குவாங்க. அதான். இப்ப தெரிஞ்சுபோச்சு. நீங்க வேண்டாம்னு சொன்னா நான் உக்காருறேன். ஆனா சொல்ல வேண்டியது நீங்க.”

நான் வெளியே போகக் கதவு திறந்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை. அவர் மறைத்ததை விட, அந்தப் பகுதியை அவ்வளவு நன்றாகச் சொன்னதுதான் எனக்கு எரிந்தது.

வீட்டில் மனைவி துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள், எடுத்துப்போக, விட்டுவிட்டுப்போக என்று இரண்டு குவியல். அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தேர்தல், நாற்காலி, அண்ணன். சடங்கின் வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டேன். அவள் கையிலிருந்த புடவையை எந்தக் குவியலிலும் வைக்கவில்லை.

“ஒரு மாசமா இதைத்தான் மறைச்சீங்களா?”

“ஆமா.”

“போக முடியாதுன்னு கவலைப்பட்டீங்களா, போகணுமேன்னு கவலைப்பட்டீங்களா?”

அவள் போனை எடுத்து என் கையில் வைத்தாள். “நான் வேலையை எழுதிக் குடுத்துட்டேன். அது ஞாபகம் இருக்கட்டும். அப்புறம் உங்க இஷ்டம்.”

அப்போதே செக்ரட்டரிக்குப் போன் போட்டு, நாற்காலி வேண்டாம் என்றேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, “போன்ல முடிக்கிற விஷயமில்ல இது. கூட்டம் போடுறேன். வந்து நின்னு சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார். தம்பி என்று சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். எழுந்து நின்று சொன்னேன், நான்கு வாக்கியம். கேள்வி வரும், திட்டு வரும் என்று பதில்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சகோதரனின் சொந்தக் காரணத்தை அங்கே யாரும் கிளற மாட்டார்கள். மரக்கட்டையில் சுத்தியால் தட்டிவிட்டு மாஸ்டர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மறுபடி சீட்டு எழுதினோம். நானும் அண்ணன் பேரை எழுதினேன்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை அவரை உட்கார வைத்தார்கள். சம்பா அறுவடை தொடங்கிவிட்டதால் மில்லில் இருந்து நேராக வந்திருந்தார், தலைமுடியில் தவிடு. சுத்தமாகச் சொன்னார். நான் ஓரத்து பெஞ்சில் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மஸ்கட்டில் இருக்கிறேன். எங்களுக்கு இரண்டு அறை வீடு, மனைவிக்கு ஒரு கிளினிக்கில் வேலை. இங்கே லாட்ஜ் கிடையாது. காலையில் சைட்டுக்கு வண்டி ஓட்டும்போது மாஸ்டரின் பங்கு முழுவதும் தானாக வாயில் ஓடுகிறது, திறப்பிலிருந்து முடிப்பு வரை. நிறுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. பக்கத்து சீட்டில் வரும் மலையாளி சர்வேயர், “ப்ரேயரா சாரே?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.