எறும்பு ருசி பார்த்த பீர்

என் வீட்டுக்காரர் சபாபதி ருசி பார்க்காமல் எதையும் அடுப்பிலிருந்து இறக்கமாட்டார். சரக்குக் கப்பலில் வெகுகாலம் சமையல்காரராக இருந்துவிட்டு வந்து, பசுந்தாங் சந்தைக்குப் பக்கத்தில் டான்பௌக் கடை போட்டார். பிரியாணியை இங்கே அப்படித்தான் சொல்வோம். மசாலாவை நக்கிப் பார்ப்பார், உலைத் தண்ணீரின் உப்பைப் பார்ப்பார், வீட்டுக்கு வந்தால் நான் வைத்த ரசத்தையும் விடமாட்டார். "பவுனு, புளி தூக்கலா இருக்கே" என்று அவர் இழுக்கும்போது, கையிலிருக்கும் கரண்டியாலேயே ஒன்று போடலாமா என்றிருக்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் தன் வாயைத் தானே கட்டிக்கொண்டது என்னால்தான். 2004 மழைக்காலத்தில் எனக்கு வயிற்றில் கட்டி என்று அறுத்தார்கள். இவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தன்லியின் ஊர் முனீஸ்வரனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். பவுனம்மா எழுந்து நடமாடினால், தை முதல் ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே காய்ச்சிய கறுப்பு பீரைப் படைப்பதாக. அதுவும் நல்ல காட்டமாக.

"கடையில ரெண்டு பாட்டில் வாங்கி வச்சா சாமி வேணாம்னா சொல்லப்போவுது?" என்று கேட்டேன்.

"அதை யார் வேணாலும் வைப்பான். உன் உசிரைக் கேட்டுட்டு, கடைச் சரக்கைக் கொண்டுபோய் நீட்டச் சொல்றியா?"

எனக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. சந்தோஷம்தான் கூடுதல்.

பீர் காய்ச்சுவது அவருக்குப் புதிதில்லை. கப்பலில் இருக்கும்போது இலேசான பீராகக் காய்ச்சிக் குடித்திருக்கிறார். கூட வேலை பார்த்த தங்கவேலு சிங்கப்பூரிலிருந்து முளைகட்டிய பார்லியின் பாகு டின்களும், கசப்புக்குப் போடும் காய்ந்த பூவும், ஈஸ்ட் பொட்டலம் இரண்டும் கொண்டுவந்து கொடுத்தார். மார்கழிக் குளிர் விழுந்ததும் இவர் என் அடுப்பைப் பிடித்துக்கொண்டார். காட்டம் வேண்டுமே என்று பாகை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஊற்றி, போதாததற்குப் பனைவெல்லமும் போட்டுக் காய்ச்சினார். ஆறியதும் பிளாஸ்டிக் பீப்பாயில் ஊற்றி, எப்போதும் போல ஒரு பொட்டலம் ஈஸ்ட்டைத் தூவி, மூடியில் ஒரு குழாயைச் சொருகி, அதன் நுனியைத் தண்ணீரில் விட்டு, சூடேறாமல் சுற்றிலும் ஈரச் சாக்குப் போர்த்தினார். எனக்குக்கூட அவர் அவ்வளவு பதமாகப் போர்த்திவிட்டதில்லை.

இரண்டு மூன்று நாள் குழாயில் குமிழி வந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

"முடிஞ்சிருச்சு போல" என்றார். குரலில் நம்பிக்கை இல்லை.

தங்கவேலு, "ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்கண்ணே, தெரிஞ்சிரும்" என்றார்.

"படையலுக்கு முந்தி வாய் வைக்கிறதா? எச்சிலையா முனிக்கு ஊத்தச் சொல்றே?" என்று இவர் கத்திய கத்தலில் தங்கவேலு செருப்பை மாட்டக்கூட நிற்காமல் படியிறங்கிவிட்டார்.

காலையில் தரை துடைக்கப் போனேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தபோது சிந்திய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். துணியை வைத்தால் வட்டம் நகர்கிறது! அத்தனையும் எறும்பு.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. உங்க பீர் பாயசமா இருக்கு."

ஓடிவந்து பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார். முகம் செத்துப்போய்விட்டது. முனி என்ன, பிள்ளையாரா? சுருட்டும் கறிச்சோறும் கேட்கிற சாமி. அவருக்கு முன்னால் தித்திப்புத் தண்ணீரை வைத்தால் என்ன அர்த்தம்? தை பிறக்க நாள் அதிகமில்லை, இன்னொரு தரம் காய்ச்சப் பாகும் இல்லை.

"நேந்துக்கிட்டதுல குறை வச்சா, அது உன் மேலதானே பவுனு வரும்" என்றார். அப்போதுதான் அவருடைய பயம் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் அந்த மனிதர் பீருக்காகப் பயப்படவில்லை.

நான் சும்மா இருப்பேனா? "இருபது பேர் திங்கிற சோத்தைப் பத்துப் பேர் முன்னால வச்சிட்டு, ஏன் மிச்சம் வைக்கிறீங்கன்னா எப்படி? இரட்டிப்புச் சர்க்கரை போட்டீங்களே, அதைத் தின்னு போதையாக்குற ஈஸ்ட்டை இரட்டிப்பாக்குனீங்களா?" என்றேன்.

உடனே மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கப் போனார். பிறகு அவரே நிறுத்திக்கொண்டார். பாதி போதை ஏறிய பீரில் காய்ந்த ஈஸ்ட்டைப் போட்டால், விழுந்ததும் செத்துப்போகுமாம். டின்களின் அடியில் ஒட்டியிருந்த பாகை வெந்நீர் விட்டுக் கழுவி எடுத்து, தண்ணீராக ஒரு குட்டி பீர் காய்ச்சி, பொட்டலத்தை அதில் போட்டார். நுரை பொங்கி வழிந்தது. அது முனிக்கு நேர்ந்ததில்லை. ஆனாலும் யாரும் வாய் வைக்குமுன்பே, அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலைக் கொழகொழவென்று வழித்துப் பெரிய பீப்பாயில் சேர்த்தார். மேலே நின்றதை அவரும் தங்கவேலுவும் குடித்துத் தீர்த்தார்கள். சண்டையும் தீர்ந்தது.

மறுநாள் பீப்பாய் குளுக் குளுக்கென்று பேச ஆரம்பித்தது. அதற்கப்புறம் காலையில் எழுந்தால் இவருக்கு ஒரே வேலை. தரையில் இரண்டு சொட்டு விட்டு, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பார். "பவுனு, இன்னைக்குக் கூட்டம் கம்மி!" என்று கூவுவார். கடைக்கு ஆள் வராவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனிதர், எறும்பு வராததற்குச் சிரித்தார். கடைசியில் ஒன்றிரண்டு வந்து மோந்துவிட்டுப் போய்விட்டன. ஆனாலும் எறும்பு சொன்னதை நம்பிப் படையல் போடுகிறோமே என்று அவருக்கு உள்ளுக்குள் உதறல்தான்.

தை ஞாயிறன்று குடத்தில் ஊற்றி, வாயைக் கட்டி, பஸ் பிடித்துப் பாலம் தாண்டித் தன்லியின் ஊருக்குப் போனோம். கோழிக்கறி, சுருட்டு, கறுப்பு பீர். சூடம் காட்டி முடித்த பூசாரி, யாருக்காக நேர்ந்ததோ அவருக்குத்தான் முதல் டம்ளர் என்று என்னிடம் நீட்டினார். அதுவரை நான் ஒரு சொட்டும் குடித்தவளில்லை.

இவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கினேன்.

"தித்திக்குதா?" என்று குனிந்து கேட்டார்.

"கசக்குது."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க. அய்யோ, என்னா கசப்பு! வயிறு வரைக்கும் சுடுது."

ஆஸ்பத்திரியில்கூட அழாத மனிதர், கோயில் மண்ணில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அழுதுகொண்டே டம்ளருக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. என் உயிருக்கு என்று காய்ச்சியது அது. ஒரு மடக்குகூட மிச்சம் வைக்காமல் நானே குடித்தேன்.