மழையும் மேலதிக பற்றரியும்

இரண்டு கிழமையாக இந்தப் பத்தி வரவில்லை. சுகமில்லையோ என்று சிலர் விசாரித்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தேன்... எழும்பிவிட்டேன். அவ்வளவுதான்.

எனது கரண்ட் பைக்கைப் பற்றி இங்கே பெருமையடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெற்றோல் வரிசை இல்லை, சத்தம் இல்லை, புகை இல்லை – உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் படிப்பிக்க ராசா மாதிரிப் போய்வருகிறேன் என்றெல்லாம் எழுதினேன். மழைக்காலத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அப்போது மழை தொடங்கியிருக்கவில்லை.

தொடங்கியது. எதிர்காற்றில் பைக் திணறியது. போதாததற்குக் கரண்ட் போனால் இரண்டு நாளைக்கு வராது. பற்றரியை எதில் சார்ஜ் பண்ணுவது? ஆகவே இன்னொரு பற்றரி வாங்கினேன். மேலே கைபிடி வைத்த கறுப்புப் பெட்டி. பக்கத்தில் இரண்டு வயர் – ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கரண்ட் இருக்கிற நாளில் சார்ஜ் பண்ணி, பொலித்தீனால் சுற்றிப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு போவேன்.

வயரைப் பொருத்தித் தந்தவர் றபீக். கிண்ணியாக்காரர், டவுனில் பைக் திருத்தும் கடை வைத்திருப்பவர். “சேர், ஒண்டு மட்டும் சொல்றன்” என்றார். “மழைக்குள்ள நிண்டு பற்றரிய மாத்தாதீங்க. வயர் முனையில தண்ணி பட்டா பியூஸ் போயிரும். எங்கயாவது ஒதுங்கி, நல்லாத் துடைச்சிப்போட்டு மாத்துங்க.”

நல்ல புத்திதானே? அப்படியே செய்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி. சாம்பல்தீவைத் தாண்டியதும் பற்றரி இறங்கி பைக் நின்றுவிட்டது. கண்ணைத் திறக்க ஏலாத மழை. றோட்டோரம் பூட்டிக் கிடந்த கடையொன்றின் விறாந்தையில் ஒதுங்கினேன். ஐம்பது மீற்றர் தள்ளி ஆமியின் சென்றி, காவலரண். தினமும் அடையாள அட்டை காட்டிப் போகிற இடம்தான். தெரிந்த முகங்கள் என்று நினைத்திருந்தேன். முந்தின நாள்தான் ஆட்களை மாற்றியிருக்கிறார்கள். அது எனக்கு எப்படித் தெரியும்?

குந்தியிருந்து பொலித்தீனைப் பிரித்தேன். வயரை இழுத்து, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கத்தல் கேட்டது. நிமிர்ந்தால், துவக்கு. அதைப் பிடித்திருந்த சிப்பாய்க்கு என் மாணவர்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மழைக்கோட்டுக்குள் முகம் மறைந்த ஒருவன் கறுப்புப் பெட்டியிலிருந்து சிவப்பு வயர் இழுக்கிறான்... அந்தச் சிப்பாயின் இடத்தில் நான் நின்றிருந்தாலும் கத்தித்தான் இருப்பேன்.

“பற்றரி, பற்றரி” என்றேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னான். பற்றரி விறாந்தையிலேயே கிடந்தது. யாரும் கிட்டப் போகவில்லை. றோட்டை இரண்டு பக்கமும் மறித்தார்கள். குண்டு பார்க்கிற ஆட்கள் டவுனிலிருந்து வரவேண்டுமாம். என்னை மழைக்குள் முழங்காலில் இருத்தினார்கள்.

தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். “ஒரு பைக்குக்கு ஏன் ரெண்டு பற்றரி?”

சொன்னேன். வீட்டில் கரண்ட் இல்லாததிலிருந்து றபீக் சொன்னது வரை எல்லாம் சொன்னேன். அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால், நம்பிக்கையில் போய்த் தொட யாருக்குத்தான் துணிவு வரும்?

இரண்டு மணித்தியாலம். கடைசியில் டவுன் ஆட்கள் வந்து, தூர நின்று கயிறு போட்டு இழுத்தார்கள். பெட்டி விறாந்தையிலிருந்து விழுந்து உடைந்தது. வெறும் பற்றரி. அதிகாரி அடையாள அட்டையைத் திருப்பித் தந்து, போகச் சொன்னார். அடி இல்லை, ஏச்சு இல்லை. பைக்கை உருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோது, தப்பினேன் என்றுதான் இருந்தது. சிரிக்கக்கூடச் சிரித்தேன். அந்தக் கிழமைப் பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டதே!

சுகன்யா அன்று வகுப்புக்கு வரவில்லை. பத்தாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி. மத்தியானம் பள்ளிக்கூட அதிபர் என்னிடம் வந்தார். “சுகன்யாட தகப்பன் மோசம் போயிட்டாராம். விடிய நெஞ்சுவலி. ஓட்டோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கினம். வழியில றோட்டை மறிச்சுப் போட்டாங்களாம்...”

பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடமே செத்த வீட்டுக்குப் போனது. தகப்பன் கரைவலை இழுத்து மீன் பிடிக்கிறவர், ஐம்பது வயதுகூட இல்லை. பந்தலுக்குள் எல்லோருக்கும் ஒரே கதைதான் – குண்டு. ஆரோ குண்டோடு பிடிபட்டவனாம். நான் கதிரையில் குனிந்தபடி இருந்தேன்.

உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா? டொக்டராலும் சொல்ல ஏலாது. இந்தச் சமாதானத்தை எனக்கு நானே நூறு தரம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் ஓட்டோவுக்குள் அவர் இருந்த இரண்டு மணித்தியாலம்தான் முன்னுக்கு வந்தது.

ஆறாம் நாள் பஸ்ஸில் தனியாகப் போனேன். சுகன்யாவின் அம்மா பவளக்கா பாயில் இருந்தார். சுகன்யா அடுப்படி வாசலில் நின்றாள்.

“அந்தக் குண்டு வச்சவன விட்டுட்டாங்களாமே சேர்?” என்று பவளக்காவே தொடங்கினார்.

“அது குண்டில்ல அக்கா. பைக் பற்றரி. அந்த ஆள் நான்தான்.”

பவளக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“உங்களுக்கு அடிச்சாங்களா சேர்?”

இல்லை என்று தலையாட்டினேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அந்த நேரம் தோன்றியது. அவர் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். சுகன்யா உள்ளே போய்விட்டாள். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. எழும்பி வந்தேன்.

துவக்குப் பிடித்த சிப்பாய் பயத்தில் செய்தான். அதிகாரி சட்டப்படி செய்தார். றபீக் நல்லது சொன்னார். நான் நனையாமல் ஒதுங்கினேன். யாரிலும் பெரிய பிழை இல்லை. ஆனால் ஒரு மனிதர் இல்லை. இந்த யுத்தத்தில் இப்படி எத்தனை பேர் போயிருப்பார்கள்... யாரும் கொல்லாமல்?

சுகன்யா இந்தக் கிழமை பள்ளிக்கூடம் வந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொப்பியை இன்னொரு பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மணியடித்து எல்லோரும் போனபிறகு, மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சேர், அந்தக் கடையத் தாண்டினா வளைவில கோயில் மண்டபம் இருக்குதானே? சென்றியில நிக்கிறவங்களுக்கும் தெரியாது. அங்க போய் மாத்தியிருக்கேலாதா?”

அந்த மண்டபத்தை எனக்குத் தெரியும். தினமும் கண்ணில் படுகிறது. இருநூறு மீற்றர் உருட்டியிருந்தால் போதும்.

“ஓம் பிள்ளை, போயிருக்கலாம்” என்றேன். மழையைச் சாட்டுச் சொல்ல வாய் வரவில்லை.