நாற்பது மதியமும் ஜோடி இல்லாத சாக்ஸும்

சலவைக்கூடத்து பேஸ்பால் அணியில் இஸ்திரி அக்கா சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்த இரண்டு வருடத்தில் அவள் மட்டை பந்தைத் தொட்டதே இல்லை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, ஒரு தடவைகூட இல்லை. பேஸ்பாலில் மூன்று வீச்சைக் கோட்டைவிட்டால் ஆள் அவுட். அக்கா போவாள், மூன்று முறை காற்றை அடிப்பாள், வந்து உட்காருவாள். அவள் முறை வந்தாலே எதிரணிக்காரர்கள் தண்ணீர் குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள் அல்லவா? அக்காவும் அதில் குறைவைக்கவில்லை. மட்டை கனம் என்றாள், வெயில் முகத்தில் அடிக்கிறது என்றாள், பந்து வீசுகிறவன் முறைக்கிறான் என்றாள்.

அணித் தலைவர் பாய்லர்காரர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவரே ஒரு நாள் வாயைத் திறந்தார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. புதுசா வந்திருக்கிற லாரி டிரைவர் நல்லா அடிப்பாராம். ஒன்பது பேருக்குத்தான் இடம். கடைசி ஆட்டத்துக்குள்ள ஒரு பந்தாவது உங்க மட்டையில படட்டும். இல்லேன்னா நான் என்ன பண்றது, சொல்லுங்க?”

“சரிங்க” என்றாள். இருபது வருடமாக வாரத்தில் ஆறு நாள் அவள் பார்ப்பது இஸ்திரி மிஷினின் இரும்பு மூடியை. துணியை விரித்து மூடியை இறக்குவாள், நீராவி சீறி அடங்கும், தூக்குவாள், அடுத்த துணி. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில்தான் அவள் கண்ணுக்குத் தூரம் என்று ஒன்று தெரியும். அங்கே ஒன்பது பேரில் ஒருத்தியாக அவளையும் எழுதி வைத்திருந்தார்கள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

துணி பிரிக்கும் பகுதியில் அவளுடைய ஓரகத்தி வேலை பார்த்தாள். கொழுந்தனின் மனைவி, அக்காவைவிட எட்டு வயது சின்னவள். இரண்டு ஓரகத்திகள் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்து, ஒரே இடத்தில் வேலையும் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. புருஷன் அணியில் ஆடியதால் சின்னவள் எல்லா ஆட்டத்துக்கும் வருவாள், தள்ளி உட்காருவாள், அவ்வளவுதான்.

பாய்லர்காரர் பேசிய வாரத்தில் ஒரு நாள், மேஜைவிரிப்புகளைத் தூக்கிக்கொண்டு இஸ்திரி அறைக்கு வந்த சின்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா, மூடியை இன்னொரு தடவை இறக்குங்க.”

இறக்கினாள்.

“அட, மூடி இறங்கும்போது கண்ணை மூடிக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க! மைதானத்துலயும் இதேதான்க்கா. பந்து கிட்ட வந்ததும் கண்ணு மூடிக்குது.”

“யாருக்கு, எனக்கா?”

“பின்ன எனக்கா?”

ஆவிக்குப் பயந்த கண், பந்துக்கும் பயந்துகொண்டிருந்திருக்கிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்று ஊரே சொல்கிறது, கண்ணுக்கும் பழக்கம் உண்டு என்று யாரும் அக்காவிடம் சொன்னதில்லை.

மறுநாள் மதியம் சின்னவள் ஒரு கூடையோடு பின்முற்றத்துக்கு வந்தாள். கூடை நிறைய ஜோடி தொலைந்த ஒற்றை சாக்ஸுகள், ஒவ்வொன்றும் இறுக்கிச் சுருட்டி முடிச்சுப் போட்டது.

“என் முதுகுக்குப் பின்னால இருந்து எடுத்து எறிவேன். என்ன நிறம்னு சொல்லிட்டு அடிங்க.”

முதல் நாள் அக்கா, “கறுப்பு! கறுப்பு! கறுப்பு!” என்று கத்திக்கத்தி வீசினாள். உலகத்தில் பாதி சாக்ஸ் கறுப்பு என்பது சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவளுக்குத் தெரியாதா? பத்துக்கு ஆறு சரியாகவே வந்தது. கடைசியாக நல்ல மஞ்சள் சாக்ஸ் ஒன்று அவள் மூக்கில் வந்து விழுந்தது.

“இதுவும் கறுப்பாக்கா?” என்றாள் சின்னவள். சிரித்ததில் இரண்டு பேருக்கும் புரை ஏறியது. அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து கூடையில் கறுப்பே இல்லை. பார்க்காமல் சொல்ல வழியும் இல்லை. இரண்டாவது வாரம் நிறம் சரியாக வந்தது, மட்டை பிந்தியது. நான்காவது வாரம் சாக்ஸுகள் சுவரில் போய் மோதத் தொடங்கின. நடுவில் ஒரு நாள் இஸ்திரி மிஷின் முன்னாலும் கண்ணைத் திறந்தபடி நின்று, ஆவி பட்டு, அன்று முழுவதும் கண்ணீர் வழிய நின்றாள். இப்படி நாற்பது மதியம். சாப்பாட்டு நேரம் அரை மணி, அதில் கால் மணி சாக்ஸுக்கே போனது.

கடைசி ஆட்டம் ரொட்டிக் கம்பெனியோடு. அக்காவின் முறை வந்தது. முதல் பந்து போனது. இரண்டாவதும் போனது. எதிரணியில் ஒருவன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தான். மூன்றாவது வந்தது. அதில் சிவப்பு நூலில் தையல் போட்டிருந்தது. இரண்டு வருடம் ஆடியவள், பந்தில் சிவப்பு நூல் இருப்பதை அன்றுதான் பார்த்தாள்.

“சிவப்பு!” என்று கத்திக்கொண்டே வீசினாள்.

டங்கென்று பட்டது. பந்து தரையோடு தரையாக உருண்டு ஓடியது. அக்கா நின்று அதை வாயைப் பிளந்து பார்த்தாள்.

“அக்கா, ஓடுங்க! ஓடுங்கக்கா!” என்று சின்னவள் அலறினாள்.

அடித்தால், பந்து வந்து சேருவதற்குள் முதல் பேஸ் என்கிற மூலைக்கு ஓட வேண்டும்! பின்முற்றத்தில் ஒரு நாளும் ஓடியதில்லையே. விழுந்தடித்து ஓடினாள். ஓர் அடி பாக்கி இருக்கும்போது பந்து முதல் பேஸுக்கு வந்துவிட்டது. அவுட். ஆனால் சலவைக்கூடமே எழுந்து நின்று கத்தியது.

மூச்சு வாங்க பெஞ்சுக்கு வந்தவள் சின்னவளைப் பார்த்தாள். எல்லோரும் இரண்டு கையாலும் தட்ட, அவள் மட்டும் இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். தலை கலைந்து, பின்னல் கோணலாகத் தொங்கியது.

“வலது கைக்கு என்ன?”

“ஒண்ணுமில்லக்கா. தோளு தூக்க முடியல. ரெண்டு வாரமா என் பொண்ணுதான் தலை வாரிவிடுறா. அவளுக்கு அஞ்சு வயசு, அதான் இந்த லட்சணம்.”

“ரெண்டு வாரமா? அப்புறமும் எறிஞ்சியா?”

“கையைத் தூக்காம கீழேருந்து எறிஞ்சேன். நீங்க கவனிக்கல.”

அக்கா அவள் பின்னால் உட்கார்ந்து, அந்தக் கோணல் பின்னலை அவிழ்த்து, விரலாலேயே சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

பாய்லர்காரர் நோட்டோடு வந்தார். “பட்டுடுச்சு இல்ல? அடுத்த சீசனுக்கு உங்க பேரை எழுதிடுறேன்க்கா.”

“எழுதுங்க. பக்கத்துல இவ பேரையும் எழுதுங்க.”

“அவங்க ஆடலையே?”

“அடிச்சதுதான் நான், ஆடுனது இவ” என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது. “நல்லா இருப்பே நீ” என்றாள் சின்னவளின் முதுகைப் பார்த்து.

“அழாதீங்கக்கா, முடியை இழுக்குறீங்க” என்றாள் சின்னவள்.