அரையடி ஆழத்தில் ஒரு கேபிள்

வீடு வீடாகப் போய் இன்டர்நெட் கேபிள் பதிக்கிறவர் அவர். அடுத்தவர் தோட்டம் என்றால் இரண்டடி தோண்டி, கேபிளைக் குழாய்க்குள் விட்டு, பாதி மண் போட்டதும் மஞ்சள் எச்சரிக்கை நாடாவை விரித்துவிட்டுத்தான் மேலே மூடுவார். "நாளைக்கு யாராவது கொத்துனா நாடாதான் முதல்ல கண்ணுல படணும்" என்பார். சொந்தத் தோட்டத்தில் குழாயும் இல்லை, நாடாவும் இல்லை; ரோஜாச் செடிகளுக்கு நடுவே வெறும் கேபிள், அதுவும் அரையடி ஆழத்தில். கேட்டால், "நம்ம வீடுதானே, அப்புறம் பாத்துக்கலாம்."

ஒரே மகனிடமும் அதே கதைதான். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று ஏதோ கோபத்தில் கத்தினார். அவன் போய்விட்டான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவரும் இருந்துவிட்டார்.

அன்று மாலை அவன் அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டான். பக்கத்தில் உட்கார இவரை வீம்பு விடவில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு களை கொத்தப் போனார். அங்கே களையே இல்லை என்பது வேறு விஷயம். கை மண்ணில் இருந்தது, காது ஜன்னலில்.

"அப்பா பக்கத்துல இருக்காராம்மா?" என்றான் மகன்.

அந்த நொடியில் மண்வெட்டி நறுக்கென்று எதையோ வெட்டியது. குனிந்து பார்த்தார். கேபிள்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "உங்களைத்தான் கேட்டான். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டான்."

"அவன் இல்லடி. கட் பண்ணுனது நான்தான்."

"அதான் ஊருக்கே தெரியுமே" என்றாள் அவள். மண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.