பாண்டித்துரைக்குச் சொன்ன ஐந்து-ஒன்பது

பாண்டித்துரை மட்டாஞ்சேரிக்கு வந்தது பத்தொன்பது வயதில். இடுக்கி மலையில் கரிம்பாறை எஸ்டேட் அவருக்குப் பிறந்த இடம். பெற்றோர் போன பிறகு அக்கா மூக்கம்மாள் அங்கேயே கொழுந்து பறித்து, தம்பியை இங்கே ஒரு வெல்டிங் பட்டறைக்கு அனுப்பினாள். முப்பத்துநான்கு வருஷமாக ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தமிழ் பேசுவார், எழுத வராது; படித்தது மலையாளம். பொழுதுபோக்காக வானலையில் பேசிக்கொள்ள அனுமதி தரும் ஹாம் ரேடியோ தேர்வை மூன்று முறை எழுதி, ஐம்பத்தோராவது வயதில் உரிமம் வாங்கினார்.

மிளகுக் கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மாடி அறை அவருடையது. இருபது மீட்டர் கம்பி ஒன்றை அங்கிருந்து பக்கத்து வீட்டுத் தென்னைக்கு இழுத்துக் கட்டியிருந்தார். அதுதான் அவருடைய ஆண்டெனா. ஜனவரியில் அந்த வீட்டுக்கார யூசுப் மாடி கட்டத் தொடங்கினார்.

"யூசுப்பிக்கா, அந்த ஒரு தெங்கை மட்டும் விடக் கூடாதா?"

"விட்டா நான் எங்க உறங்குறது? அதோட உச்சியிலயா?"

மரம் போயிற்று. சந்தில் வேறு மரம் இல்லை. குறுக்கே கம்பி கட்ட வழியில்லாதவர்கள் செங்குத்தாக ஒன்றை நடுவது வழக்கம். இங்கே பிராட்வே கடைத்தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் அவருக்கு அலுமினியக் குழல் ஆண்டெனா ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. வெளிநாட்டு லாரிக்காரர்கள் பேசும் 27 மெகாஹெர்ட்ஸுக்காகச் செய்தது. ஹாம்காரர்களான நாங்கள் பேசுவது 7 மெகாஹெர்ட்ஸில். அதற்குப் பத்து மீட்டர் வேண்டும். இதன் நீளம் ஐந்து மீட்டர் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். குறைந்த நீளத்தை ஈடுகட்ட, பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்த் துண்டில் செம்புக் கம்பியைப் பதினோரு சுற்று சுற்றி அடியில் சேர்த்தார். கூரைமேல் எட்டு வயர்களைப் பரப்பினார். உப்புக்காற்றுக்காக இணைப்புகளில் கிரீஸ் தடவினார். வேலை சுத்தமாக இருந்தது. மீட்டர் 1.3 காட்டியது, அது நல்ல அளவு. ஆனால் ஆண்டெனா ரேடியோ செட்டோடு பொருந்துகிறதா என்பதை மட்டுமே அந்த மீட்டர் சொல்லும். குரல் எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கேட்பவர்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 2, காலை 7.10. வானலையில் நடக்கும் எங்கள் தினசரிக் கூட்டத்தில் அவர் புது ஆண்டெனாவோடு வந்தார். பள்ளுருத்தி சுதீர்தான் முதலில் பேசினார்.

"பாண்டியண்ணே, கொடிமரம் நட்டாச்சாமே! திருவிழா எப்போ?"

"கொடியேறியாச்சு. நீ செண்டையை எடுத்துட்டு வா."

"ஃபைவ் நைன், அண்ணே! காது அடைக்குது."

பேச்சு முழுக்கப் புரிந்தால் ஐந்து, அலை மிகப் பலமாக வந்தால் ஒன்பது. ஐந்து-ஒன்பதுக்கு மேல் கிடையாது. சுதீர் சொன்னது உண்மை. தேவராவில் இருக்கும் எனக்கும் அப்படித்தான் கேட்டது. பக்கத்து ஊர்களுக்கு அலை நேராகவே வந்துவிடும். செங்குத்து ஆண்டெனா அலையைத் தாழ்வாக வீசுவதால் லக்னோவுக்கும் போகும். இடையில், நூறு கிலோமீட்டரில் இருக்கும் மலைக்குத்தான் போகாது. அங்கே போக, அலை நேர் மேலே ஏறி வானத்தில் பட்டுத் திரும்ப வேண்டும். அதற்கு முன்போலப் படுக்கைவாட்டில் கட்டிய கம்பிதான் சரி. நூறு கிலோமீட்டர்க்காரர்களும் அவருக்கு ஐந்து-ஒன்பதே சொன்னார்கள். நண்பர் புதிதாக ஒன்று செய்து காட்டும்போது குறைத்துச் சொல்வது எங்களிடையே மரியாதை இல்லை.

கரிம்பாறை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் ராமபத்ரனும் எங்களைப் போல ஹாம். ஏப்ரல் 11 அன்று அவரும் சொன்னார்: "ஃபைவ் நைன், சேட்டா." அன்று மாலையே பாண்டித்துரை அக்காவுக்குப் போன் செய்து, மலைவரைக்கும் தன் குரல் வருவதாகச் சொன்னார்.

ஜூலை 18 இரவு 9.20க்கு மூக்கம்மாள் தம்பியை அழைத்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் தண்ணீர் ஏறுகிறது, அவளும் பக்கத்து வீட்டுக்காரர்களுமாகப் பதினோரு பேர் ஓடைக்கு அந்தப் பக்கம் பழைய கொழுந்து ஸ்டோருக்குப் போகிறார்கள் என்றாள். பிறகு மலையில் எந்தப் போனும் வேலை செய்யவில்லை. விடியற்காலை 3.50க்கு மண் சரிந்து லயத்தை மூடியது. மீட்க வந்தவர்கள் அங்கேயே தோண்டினார்கள். ஸ்டோரில் ஆட்கள் இருப்பது பாண்டித்துரைக்கு மட்டுமே தெரியும்.

5.30 டி.வி. செய்தியில் அவர் விஷயத்தை அறிந்தார். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு ஏழு முறை அடித்தார்; லைன் கிடைக்கவில்லை. 5.40க்குச் செட்டைப் போட்டார். ராமபத்ரனின் குரல் மெலிதாகக் கேட்டது. பேட்டரியில் ஓடும் செட்டிலிருந்து தொடுபுழை நிலையத்துக்குப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். பாண்டித்துரை இடையே புகுந்து ஸ்டோரைப் பற்றிச் சொன்னார். பதில் இல்லை. ஆபத்து நேரத்தில் ஒருவர் செய்தி வாசிக்கும்போது மற்றவர்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. தன் குரல் கேட்டுவிட்டது, வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை சொன்னார். மற்ற நேரம் காத்திருந்தார்.

நான் செட்டைப் போட்டது 7.05க்கு. இரண்டு குரலும் எனக்குத் தெளிவாகக் கேட்டன. இவர் பேசி முடிக்கும் முன்பே, எதுவும் கேட்காததுபோல ராமபத்ரன் அடுத்த பெயரை வாசிக்கத் தொடங்கினார். ராமபத்ரனுக்கும் தொடுபுழைக்கும் இவர் குரல் போகவே இல்லை என்பது அப்போதே புரிந்தது. 7.09க்கு என் கம்பி ஆண்டெனாவில் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னேன். என்னைச் சாமி என்றே அழைக்கும் ராமபத்ரனிடமிருந்து உடனே பதில் வந்தது.

"சாமி, அந்த ஸ்டோர் இப்போ இல்ல. ஆறு நாப்பதுக்கு ரெண்டாவது தடவை மண்ணு வந்து எடுத்துட்டுப் போச்சு." பிறகு கேட்டார்: "அதுலயா ஆளிருந்துது?"

லயத்திலிருந்து ஸ்டோர் அறுநூறு மீட்டர். பதினோரு பேரில் யாரும் பிழைக்கவில்லை. மூக்கம்மாளை நான்காம் நாள் எடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் மலைக்குப் போனேன். ராமபத்ரன் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார்.

"ஏப்ரல்ல எனக்கு ஃபைவ் நைன் சொன்னீங்களே, கேட்டுச்சா?" என்று பாண்டித்துரை கேட்டார்.

"பாதி கேட்டுது, சேட்டா. நம்ம மலைக்காரர், சொந்தமாச் செஞ்ச ஆண்டெனான்னு ஆசையாச் சொன்னீங்க. எல்லாரும் சொல்றதுதானே."

"அன்னைக்கு?"

"ஒண்ணுமே கேக்கல. மீட்க வந்தவங்க ஜெனரேட்டர் இரைச்சல் வேற."

பாண்டித்துரை தலையை ஆட்டிக்கொண்டார். திட்டவில்லை.

திரும்பும் பஸ்ஸில், கோதமங்கலம் தாண்டியதும், நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மார்ச் 2 அன்று அவர் செட்டை அணைத்த பிறகு திருச்சூர் நண்பர் ஒருவர் என்னிடம், "பாவம், ஒண்ணும் புரியல, இருக்கட்டும்னு ஃபைவ் நைன் கொடுத்தேன்" என்றார். நான் அதை நேரத்தோடு என் குறிப்பேட்டில் குறித்துவைத்தேன். இவரிடம் சொல்லவில்லை.

"குறிச்சு வச்சீங்களா?"

"வச்சேன்."

"உங்க கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கும், சாமி" என்றார். 

அதன் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. சுதீரும் மற்றவர்களும் என்னைப் போய் அழைத்துவரச் சொன்னார்கள். ஆகஸ்ட் 30 அன்று பட்டறைக்குப் போனேன். ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கேட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சாயா வாங்கிக் கொடுத்தார். என் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது, கம்பி கட்டலாம், அங்கிருந்தே பேசலாம் என்றேன்.

"வந்து யார்கிட்ட என்னன்னு கேக்க, சாமி? கேட்டா நல்லா இருக்குன்னுதானே சொல்வீங்க."

வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டு மறுபடி பற்றவைக்கத் தொடங்கினார். அந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் நான் திரும்பி நின்றேன். பிறகு படகு பிடிக்கப் போனேன்.